தெரிந்த நாளும் சொன்ன நாளும்: பாலுக்குள் வந்த பீடைகொல்லியின் வரலாறு

பாலில் கலப்படம் எண்டால் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது தண்ணி. பால்காரர் எவ்வளவு தண்ணி ஊத்தினார் என்பது எங்கள் ஊர்களில் பழைய பகிடி. அந்தக் கலப்படத்தை நாக்கே கண்டுபிடித்துவிடும். இந்தக் கட்டுரையில் நாங்கள் கதைக்கப்போவது வேறு ஒன்றைப் பற்றி. யாரும் ஊத்தாமல், யாரும் கலக்காமல், மாட்டின் உடம்புக்குள்ளாலேயே பாலுக்கு வந்து சேருகிற பீடைகொல்லி எச்சம் பற்றி. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பாலின் ருசி மாறாது. காய்ச்சினாலும் போகாது. ஆய்வுகூடம் ஒன்று தேடிப் பார்த்தால் மட்டும்தான் அது இருப்பது தெரியும்.

அதனால்தான் இந்த வரலாற்றில் பால் குடிக்கிறவருக்குச் செய்தி எப்போதும் கடைசியாகவே வருகிறது. முதலில் ஆய்வுகூடத்துக்குத் தெரியும். பிறகு அரசாங்கத்துக்கோ கம்பனிக்கோ தெரியும். அவர்கள் வாய் திறந்தால்தான் எங்களுக்குத் தெரியும். தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் போனது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கடந்த 80 வருடங்களைத் திருப்பிப் பார்க்கலாம்.

எங்களைக் காப்பாற்றிய வெள்ளைத் தூள்

கதையை இலங்கையிலேயே தொடங்குவோம். 1934-35இல் இந்தத் தீவில் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகும் வருடத்துக்கு வருடம் லட்சக்கணக்கானவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். 1939இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் போல் முல்லர், டி.டி.ரி. என்ற பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதைக் கண்டுபிடித்தார். 1948இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே, 1946இல், இலங்கையில் வீட்டுச் சுவர்களின் உட்பக்கத்தில் டி.டி.ரி. விசிறத் தொடங்கிவிட்டார்கள். இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் வந்து இருக்கிற நுளம்பு அதிலேயே செத்துவிடும்.

விளைவு பெரியது. 1946இல் சுமார் 28 லட்சமாக இருந்த மலேரியா நோயாளர் எண்ணிக்கை 1963இல் வெறும் 17. இதைச் சொல்லாமல் டி.டி.ரி.யைத் திட்டுவது நியாயமில்லை. எங்கள் பாட்டன் பாட்டிமாரில் எத்தனையோ பேர் அந்தத் தூளால் உயிர் தப்பியவர்கள். விசிறுவதைக் குறைத்த பிறகு, 1960களின் கடைசியில், மலேரியா திரும்பவும் பெரிய அளவில் வந்தது. இதற்கிடையில் நுளம்புகள் டி.டி.ரி.யைத் தாங்கப் பழகிவிட்டன. 1970களில் நாடு மலத்தியனுக்கு மாறியது. மலேரியா இல்லாத நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்று எங்களுக்குக் கிடைத்தது 2016இல்தான்.

ஆனால் சுவருக்கு அடிப்பது ஒன்று, வயலுக்கு அடிப்பது இன்னொன்று. சுவரில் அடித்த மருந்தின் பெரும்பகுதி சுவரோடு நிற்கும். பயிருக்கு அடித்தது மண்ணுக்குப் போகும், புல்லுக்குப் போகும், புல்லைத் தின்னும் மாட்டுக்குப் போகும். இலங்கையில் சுவர்களுக்கு விசிறிய அதே வருடங்களில் அமெரிக்காவில் அதே தூளைப் பருத்திக்கும் பழத்தோட்டங்களுக்கும் மாட்டுத் தீவனப் பயிர்களுக்கும் அடித்தார்கள். ஈ மொய்க்காமல் இருக்க மாட்டுக்கொட்டிலுக்கும் அடித்தார்கள். மாட்டின் முதுகிலும் அடித்தார்கள்.

மாடு மறக்காது

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் தேவை. எல்லாப் பீடைகொல்லிகளும் பாலுக்கு ஒரே மாதிரி வருவதில்லை. சில வகைகள் மாட்டின் உடம்பில் விரைவாக உடைந்து சிறுநீரோடு போய்விடும். டி.டி.ரி., ஹெப்டாகுளோர் போன்ற ஒர்கனோகுளோரின் வகைகள் அப்படி இல்லை. அவை நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். லேசில் உடையாது. மாடு தின்னத் தின்ன அதன் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். பால் கறக்கும் மாட்டுக்கு அந்தக் கொழுப்பை வெளியேற்ற ஒரு முக்கியமான வழி இருக்கிறது. அதுதான் பால்.

றேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்ற புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்குக் காட்டினார். உலர்ந்த தீவனத்தில் மில்லியனுக்கு 7 அல்லது 8 பங்கு டி.டி.ரி. இருந்தால், அதைத் தின்ற மாட்டின் பாலில் சுமார் 3 பங்கு வரும். அந்தப் பாலில் கடைந்த வெண்ணெயில் 65 பங்கு வரை ஏறிவிடலாம். பாலின் கொழுப்பு எங்கே போகிறதோ அங்கே மருந்தும் போகும். பாச்சர் முறையில் சூடாக்கினால் கிருமி சாகும். இந்த எச்சம் அப்படியே இருக்கும்.

இது கார்சனின் புத்தகம் வந்த பிறகு தெரியவந்த விஷயமும் இல்லை. 1949இலேயே அமெரிக்க விவசாயத் திணைக்களம், பால் மாடுகளுக்கும் அவற்றின் கொட்டில்களுக்கும் டி.டி.ரி. பாவிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. காரணம், பாலில் எச்சம் வருகிறது. 1951இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. வோஷிங்டனில் 32 கறுப்பினத் தாய்மாரின் தாய்ப்பாலைப் பரிசோதித்தபோது அதிலும் டி.டி.ரி. இருந்தது. அவர்கள் பயிருக்கு மருந்து அடிக்கிற வேலை செய்தவர்கள் இல்லை. மற்ற எல்லோரையும் போலச் சாப்பிட்டவர்கள், அவ்வளவுதான்.

இந்த இரண்டு வருடங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1949, 1951. அமெரிக்கா டி.டி.ரி.யின் விவசாயப் பாவனையைத் தடை செய்தது 1972இல். நடுவில் இரண்டு தசாப்தத்துக்கு மேல். மாட்டுக்காரருக்குச் சொன்னார்கள், விஞ்ஞான சஞ்சிகைகளில் எழுதினார்கள். பால் குடித்த சாதாரண ஆட்களின் காதுக்கு அது பெரிய அளவில் எட்டியது கார்சனின் புத்தகத்துக்குப் பிறகுதான்.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். தாய்ப்பாலில் எச்சம் இருந்தது என்பதை வைத்துத் தாய்ப்பாலை நிறுத்து என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. தடை வேலை செய்யும் என்பதையும் அதே தாய்ப்பால்தான் காட்டியது. சுவீடனின் ஸ்ரொக்ஹோமில் 1960களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை தாய்ப்பாலைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். தடைகள் வந்த பிறகு டி.டி.ரி. எச்சம் வருடாவருடம் இறங்கிக்கொண்டே போனது. யாரோ முப்பது வருடமாக அளந்துகொண்டே இருந்ததால்தான் இன்று எங்களுக்கு அது தெரியும்.

அன்னாசி இலை தின்ற மாடுகள்

அமெரிக்காவில் டி.டி.ரி. போன பிறகும் அதன் உறவுக்காரர்கள் கொஞ்சக் காலம் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஹெப்டாகுளோர். 1978இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பாவனைகளை நிறுத்த முடிவெடுத்தபோது ஹவாய்த் தீவுகளின் அன்னாசிச் செய்கைக்கு மட்டும் சில வருட அவகாசம் கொடுத்தது. அன்னாசியை வாட வைக்கும் மாப்பூச்சிகளை எறும்புகள் பாதுகாக்கின்றன. அந்த எறும்புகளைக் கொல்லத்தான் ஹெப்டாகுளோர்.

ஓவாஹு தீவில் மேய்ச்சல் நிலம் குறைவு. அன்னாசி அறுவடை முடிந்த பிறகு மிஞ்சும் இலைகளை நறுக்கி அங்கே பால் மாடுகளுக்குப் போட்டார்கள். கேட்க நல்ல ஏற்பாடு மாதிரித்தான் இருக்கிறது. கழிவு வீணாகவில்லை, மாட்டுக்கும் தீனி. மருந்து அடித்து நீண்ட காலம் போன பிறகே இலையை மாட்டுக்குக் கொடுக்கலாம் என்று விதியும் இருந்தது. ஆனால் விதி இருந்தது கடதாசியில். 1982இன் தொடக்கத்தில் ஹவாய் சுகாதாரத் திணைக்களத்தின் வழக்கமான பரிசோதனையில் பாலில் ஹெப்டாகுளோர் எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பது தெரிந்தது. பாலைத் திரும்ப எடுக்கும் அறிவிப்பு வந்தது மார்ச்சில். அந்த இடைவெளியில் ஓவாஹுவின் பிள்ளைகள் அந்தப் பாலைத்தான் குடித்தார்கள். பால் அதற்கு முன்னரே, ஒரு வருடத்துக்கும் மேலாக மாசுபட்டிருந்தது என்று பின்னர் கணித்தார்கள்.

ஏன் உடனே சொல்லவில்லை எண்டு தாய்மார் கேட்டார்கள். வழக்குகள் போடப்பட்டன. அந்தத் தீவு அதை லேசில் மறக்கவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. ஹவாயில் நடுவயதிலிருந்து பல தசாப்தங்களாகப் பின்தொடரப்பட்ட ஜப்பானிய அமெரிக்க ஆண்களில், இறந்த பிறகு மூளை பரிசோதிக்கப்பட்ட 449 பேரின் முடிவுகள் 2010களில் வெளியாகின. நடுவயதில் அதிகம் பால் குடித்த, புகைபிடிக்காத ஆண்களுக்கு, பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய மூளைப் பகுதியில் நரம்புக்கலங்கள் குறைவாக இருந்தன. அதிகம் பால் குடித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் மூளையில் ஹெப்டாகுளோரின் எச்சம் இருந்தது. பால்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. அவர்கள் குடித்த பாலை யாரும் எடுத்துவைத்து அளக்கவில்லை. ஆனால் இப்படியான கேள்விக்குப் பதில் தேட எத்தனை தசாப்தம் எடுக்கும் என்பதை இது காட்டுகிறது. அளக்காமல் விட்ட பாலை நாற்பது வருடம் கழித்து அளக்க ஏலாது.

பக்கத்து நாட்டின் 2,205 மாதிரிகள்

ஹவாய் சின்னத் தீவு, பால் வந்த வழி ஒன்றிரண்டு. கோடிக்கணக்கான வீடுகளில் ஒன்றிரண்டு மாடு நிற்கிற இந்தியாவில் நிலைமை எப்படி இருந்தது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 12 மாநிலங்களில் 2,205 பால் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து 1993இல் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 82 வீதமான மாதிரிகளில் டி.டி.ரி. எச்சம் இருந்தது. சுமார் 37 வீதத்தில் அது அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது.

இந்த எண்ணிக்கையைப் பார்த்து இந்தியப் பாலை இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறோம். நாங்கள் அதை வேறு மாதிரிப் பார்க்கிறோம். ஒரு நாட்டின் அரச நிறுவனம் தன் மக்கள் குடிக்கிற பாலைத் தானே பரிசோதித்து, வெட்கப்படவேண்டிய முடிவைத் தானே வெளியிட்டது. விவசாயத்தில் டி.டி.ரி. பாவிப்பதை இந்தியா அதற்குள் நிறுத்தத் தொடங்கியிருந்தது. பயிருக்கு அதிகம் பாவித்த இன்னொரு ஒர்கனோகுளோரினான பி.எச்.சி.யை 1997இல் தடை செய்தது. எண்ணிக்கை வெளியே வந்தால் அதை வைத்துச் சண்டை பிடிக்கலாம். வெளியே வராத எண்ணிக்கையோடு யாரும் சண்டை பிடிக்க ஏலாது.

எங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள்

இப்போது வீட்டுக்கு வருவோம். இலங்கையில் பால் எண்டால் பலருக்குப் பால்மா. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு இறக்குமதிப் பால்மா எங்கள் தேத்தண்ணிக்குள் நிரந்தரமாகக் குடியேறியது. 2021, 2022இல் ஒரு பைக்கற் பால்மாவுக்காகக் கடை கடையாக அலைந்த தலைமுறை நாங்கள். அந்தப் பால்மாவின் பெரும்பகுதி நியூசிலாந்துப் புல்லில் மேய்ந்த மாட்டின் பால். ஆகவே அந்தப் புல்லுக்கு என்ன போடுகிறார்கள் என்பதும் எங்கள் பிரச்சினைதான்.

2013இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. டைசயன்டையமைட், சுருக்கமாக டி.சி.டி. இது பீடைகொல்லி இல்லை. மண்ணிலுள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறி ஆறு குளங்களில் கலப்பதைக் குறைக்க மேய்ச்சல் நிலத்துக்குப் போடுகிற பொருள். சூழலைக் காப்பாற்றப் போட்ட பொருள்தான் பாலுக்குள் வந்தது. 2012 செப்ரெம்பரில் ஃபொன்ரெரா நிறுவனத்தின் பரிசோதனையில் பால்மாவில் அதன் சிறு தடயங்கள் தெரிந்தன. நியூசிலாந்து உர நிறுவனங்கள் அதன் விற்பனையை நிறுத்தி, விஷயம் உலகுக்குத் தெரியவந்தது 2013 ஜனவரி 24இல். நாலு மாதம். அந்த நாலு மாதமும் நாங்கள் வழமைபோலத் தேத்தண்ணி ஊத்திக் குடித்தோம்.

அந்த அளவில் உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்று நியூசிலாந்து அதிகாரிகள் சொன்னார்கள். டி.சி.டி.யின் நச்சுத்தன்மை குறைவு என்பதும் உண்மை. ஆனால் உணவில் அது எவ்வளவு இருக்கலாம் என்பதற்குச் சர்வதேச அளவுகோல் எதுவும் அப்போது இருக்கவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் எவரும் எதையும் சொல்லலாம். 2013 ஓகஸ்டில் இலங்கைச் சுகாதார அதிகாரிகள் சில தொகுதிப் பால்மாவைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். பரிசோதனை சரியில்லை எண்டு கம்பனி சொன்னது. நீதிமன்றம் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தற்காலிகத் தடை போட்டது. கம்பனி தன் வேலைகளைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. அதே மாதம் அதே நிறுவனத்தின் மோர்ப் புரதம் ஒன்றில் பொற்றுலிசம் கிருமி எண்டு உலகம் முழுக்க வேறொரு பதற்றம். அது தவறான எச்சரிக்கை என்று ஓகஸ்ட் கடைசியில் தெரிந்தது. இரண்டும் கலந்து, எது எதற்கு எண்டு கடைக்காரருக்கும் விளங்கவில்லை, தாய்மாருக்கும் விளங்கவில்லை.

2013இன் பாடம் டி.சி.டி. ஆபத்தானது என்பது இல்லை. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றைச் சொன்னது, உள்நாட்டு ஆய்வுகூடம் இன்னொன்றைச் சொன்னது, சாதாரண ஆட்கள் யாரை நம்புவது எண்டு தெரியாமல் நின்றார்கள். நம்பிக்கையை அவசரத்துக்குச் செய்ய ஏலாது. பிரச்சினை இல்லாத வருடங்களிலும் பரிசோதித்து, முடிவை வெளியே வைத்துக்கொண்டே வந்தால்தான் பிரச்சினை வருகிற வருடத்தில் ஆட்கள் நம்புவார்கள்.

சட்டம் இருக்கிறது

சட்டமே இல்லை என்று நாங்கள் புலம்பத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், அதே ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் எங்களிடம் உண்டு. ஒன்று கோப்பையைப் பார்க்கிறது, மற்றது வயலைப் பார்க்கிறது. பால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பீடைகொல்லிச் சட்டத்தால் இந்த நாட்டில் ஒரு பெரிய காரியமும் நடந்திருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை வீதமுள்ள நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1995இலிருந்து 2011 வரை, மனிதருக்கு மிக நஞ்சான பீடைகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். இருபது வருடத்தில் அந்த வீதம் மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் இறங்கியது. உலகம் இன்று எங்களிடமிருந்து படிக்கிற பாடம் இது. அது ஏன் சாத்தியமானது? வைத்தியசாலைகளில் ஆட்களை எண்ணினார்கள், எந்த மருந்து என்று எழுதினார்கள், அந்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தார்கள்.

2021 மேயில் நடந்தது அதற்கு நேர்மாறு. விவசாய இரசாயனங்களின் இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். கமக்காரர் அல்லாடினார்கள். நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். எந்த மருந்து, எந்தப் பயிர், எவ்வளவு எச்சம் என்று பிரித்துப் பார்க்காத தடை இப்படித்தான் முடியும்.

பாலில் வருகிற எச்சத்தால் யாரும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போவதில்லை. ஆகவே வைத்தியசாலைப் பதிவேட்டில் அது வராது. ஆய்வுகூடம் தேடிப் போய் எண்ணினால்தான் உண்டு. எங்கள் ஊர்களில் மாடு தின்பது என்ன? வைக்கோல், வரம்புப் புல், தவிடு, புண்ணாக்கு, சந்தையில் மிஞ்சின கோவா இலை. ஓவாஹுவின் அன்னாசி இலையிலிருந்து இது அவ்வளவு தூரமில்லை. மருந்து அடித்த தோட்டத்துப் புல்லை எத்தனை நாளைக்குப் பிறகு மாட்டுக்கு வெட்டலாம் என்பதை மருந்துப் போத்தலின் லேபலில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு விட்டுவிட ஏலாது. மாடு வளர்க்கிற அம்மாவுக்கு அதை விளங்கும் தமிழில் யாராவது சொல்லவேண்டும்.

இதை வாசித்துவிட்டுப் பாலை நிறுத்தாதீர்கள். ஒர்கனோகுளோரின்களில் பல இன்று உலகம் முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டன. 2001இன் ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின் பட்டியலில் டி.டி.ரி.யும் ஹெப்டாகுளோரும் இருக்கின்றன. எச்சம் இருக்கிறது என்பதும் ஆபத்தான அளவில் இருக்கிறது என்பதும் வேறு வேறு. ஆனால் பயத்துக்குப் பதிலாகக் கேள்வி கேட்கலாம். உங்கள் பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், பால் சேகரிப்பு நிலையத்திடம், பால்மாக் கம்பனியிடம், 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களங்களிடம் இந்த நாலையும் கேளுங்கள். கடைசியாக எப்போது எச்சப் பரிசோதனை செய்தீர்கள்? எந்தெந்த மருந்துகளுக்கு? என்ன அளவு வந்தது? முடிவு கையில் கிடைத்து எத்தனை நாளில் எங்களுக்குச் சொன்னீர்கள்?

நாலாவது கேள்வியை மட்டும் விடாதீர்கள். அமெரிக்காவில் அதற்குப் பதில் வருடங்களில் இருந்தது, ஹவாயில் வாரங்களில், பால்மாவுக்கு மாதங்களில். அதை நாட்களுக்குக் குறைப்பது விஞ்ஞானத்தின் வேலை இல்லை. குடிக்கிற நாங்கள் கேட்டு வாங்கவேண்டியது.